மணக்காட்டு வீட்டில் தொங்கிய முகம்

அந்த முகத்தைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டது தப்பு என்று இசக்கியிடம் யாரும் சொல்லவில்லை. சிரிக்கத்தான் செய்தார்கள்.

மணக்காட்டில் சாம்பசிவன் முதலாளி கட்டுகிற வீட்டுக்கு அன்றைக்கு மாடி கான்கிரீட். முதலாளிக்குச் சாலைக் கடைத்தெருவில் ஆணி, கம்பி, பெயிண்ட் வியாபாரம். வேறு எதற்கும் அசையாத மனுஷன், கண்திருஷ்டி என்றால் மட்டும் ஆடிப்போவார். "நாளைக்கு வரும்போது ஒரு நோக்குகுத்தி வாங்கிட்டு வந்திருலே இசக்கி. அது தொங்கலன்னா அந்த ஆளு மிக்சரை ஓடவிட மாட்டாரு" என்று மேஸ்திரி வெங்கிடேஷ் முந்தின நாளே சொல்லியிருந்தார். புது வீட்டுக்குக் கண்ணேறு படாமல் முன்னால் தொங்கவிடுகிற பொம்மைக்குத் திருவனந்தபுரத்தில் அப்படித்தான் பேர்.

இசக்கி மறக்கவில்லை. ஆனால் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடையும் திறந்தபாடில்லை. என்ன செய்வதென்று லைன் வீட்டு வாசலில் முழித்துக்கொண்டு நின்றவன் கண்ணில், தகரச் சாய்ப்புக்குக் கீழே தண்ணி டிரம் மூடிமேல் காய்ந்துகொண்டிருந்த அந்த முகம் பட்டது.

பெரிய முகம். பழைய பேப்பரை மைதாப் பசையில் முக்கி அடுக்கடுக்காய் ஒட்டி, மேலே சாயம் அடித்தது. பிதுங்கின கண், நெற்றியில் புடைத்த நரம்பு, மேல் உதட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பல். மகள் அனுஷா பள்ளிக்கூடத்தில் செய்தது என்று அவனுக்குத் தெரியும். யாரோ வெளி ஆட்கள் வந்து படம், பொம்மை எல்லாம் சொல்லித் தருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவன் பிறந்ததிலிருந்து பார்த்த இப்படிப்பட்ட முகங்களுக்கெல்லாம் ஒரே ஒரு வேலைதான். இதற்கு மட்டும் வேறு வேலை இருக்கும் என்று அவனுக்கு எங்கே தோன்றும்? நம்ம பிள்ளை கைப்பட செய்தது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அனுஷா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல், சிமெண்ட் சாக்கில் பொதிந்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

வேலையிடத்தில் தன் பழைய சட்டை ஒன்றுக்குள் வைக்கோலைத் திணித்து, மேலே முகத்தை வைத்துக் கட்டி, மழை படாமல் உச்சியில் ஒரு தகரத் துண்டைச் செருகி, சாரத்து மூங்கிலில் தொங்கவிட்டான். மேஸ்திரி பொம்மையைப் பார்த்தார். இசக்கியைப் பார்த்தார். மறுபடியும் பொம்மையைப் பார்த்தார். "ஜோரா இருக்குலே" என்று சொல்லிவிட்டு, மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் போய்த் தோள் குலுங்க நின்றார்.

சட்டி சுமக்கிற மாடம்மாள் அக்காவுக்கு அந்த மாதிரி மறைத்துச் சிரிக்கத் தெரியாது. "ஏ இசக்கி, இன்னைக்கு ஒனக்கு டபுள் டூட்டியாலே? கீழயும் நிக்க, மேலயும் தொங்குத!"

"என்னக்கா சொல்லுத?"

"நான் என்னத்தச் சொன்னேன். நீ சட்டியத் தூக்கு."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் யாராவது சாக்கட்டியால் எழுதிவிட்டார்களோ என்று முதுகைத் தடவிக்கூடப் பார்த்தான்.

சாம்பசிவன் முதலாளிதான் சிரிக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "சபாஷ்! இதுல்லா பொம்மை. கடையில விக்கது எல்லாம் ஒரே அச்சு, சும்மா பல்லக் காட்டும். இது என்னமா முழிக்கி பாரும். எவன் வந்தாலும் இவன் மேலதான் முதல்ல கண்ணு விழும்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் மழை விட்டது. கான்கிரீட் போட்டு முடிகிற வரைக்கும் ஒரு தூறல் இல்லை. முதலாளிக்கு அந்தப் பொம்மைமேல் அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது. இசக்கிக்கு மட்டும் மத்தியானம் சென்ட்ரிங் பலகையில் இருந்த ஆணி ஒன்று குதிகாலில் ஏறியது. பிடுங்கிப் போட்டு, துணியைக் கட்டிக்கொண்டு மிச்ச வேலையைச் செய்தான்.

சாயங்காலம் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அனுஷா டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, இங்க காய வச்சிருந்த என் ஒர்க்கைப் பாத்தீங்களா?"

"அந்தப் பொம்மையா? ஏட்டி, அது இப்பம் பெரிய எடத்துல தொங்குது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம்."

"எங்க தொங்குது?"

"மணக்காட்டு வீட்டுல. திருஷ்டிக்கு."

அவள் டிரம்மை விட்டு விலகி வந்தாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள். "இது எப்பம் குத்திச்சு?"

"கான்கிரீட் போடும்போது. சின்ன ஆணிதாம்ட்டீ."

"அதத் தொங்கவிட்டதுக்குப் பொறவா?"

"பொறவுதான். ஏன்?"

அவ்வளவுதான். ஓவென்று அழுதுகொண்டு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். காலில் ஆணி குத்தியது இவனுக்கு, அழுவது அவள். இசக்கி வாசலில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தான். யோசனை எங்கும் போய்ச் சேரவில்லை.

ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கிற பிரேமா வந்ததும் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "தொங்கவிட்டுட்டீங்களா? ஐயோ, அது உங்க மூஞ்சில்லா!"

"என்னது?"

"தெனமும் பாக்குற ஒரு ஆளைப் பாத்துச் செஞ்சிட்டு வாங்கன்னு அந்த சார் சொன்னாராம். இவ உங்களைச் செஞ்சா. வர்ற சனிக்கிழமை பள்ளிக்கூடத்துல எக்ஸிபிஷன். எல்லாத்தையும் வரிசையா வைப்பாங்களாம்."

"என் கண்ணு எங்கட்டி அப்படிப் பிதுங்கிக் கெடக்கு?"

"ஒருநாள் இவ உங்களுக்குச் சோறு கொண்டுவந்தாள்லா. அப்பம் நீங்க சிமெண்ட் சட்டியத் தலைக்கு மேல தூக்கிக் குடுத்துட்டு நின்னீங்களாம். அந்த மூஞ்சி."

இசக்கி சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் போய் நின்றான். சும்மா பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்து, ஒரு சட்டியைத் தூக்குவது மாதிரி இரண்டு கையையும் மேலே உயர்த்தினான். மேல் உதடு தானாக ஏறியது. பல் வெளியே வந்தது. நரம்பு. கண். எல்லாம் அப்படியே. ஆனால் அந்த முகத்தோடு அவன் எப்போது கண்ணாடி பார்த்தான்? தன் முகம் அப்படிப் போகும் என்று இத்தனை வருஷம் அவனுக்கே தெரியாது, ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கிறது. கோபப்படுவதா சிரிப்பதா என்று புரியாமல் கையைத் தூக்கினபடியே கொஞ்ச நேரம் நின்றான்.

அனுஷா சோறு வேண்டாம் என்றுவிட்டாள். அப்பாவிடம் பேச்சும் இல்லை. எக்ஸிபிஷன் போச்சே என்று அழுகிறாள் பிள்ளை, நாளைக்கே கொண்டுவந்து குடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவன் நினைத்தான்.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றான். "முதலாளி, அந்தப் பொம்மை என் மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வேணுமாம். எறக்கிக்கிடட்டா? வேற ஒண்ணு கடையில வாங்கிக் கட்டிருதேன்."

முதலாளி முகம் மாறிவிட்டது. "என்ன பேச்சு பேசுதீரு? ஏத்துன திருஷ்டிப் பொம்மையப் பால்காய்ச்சிக் குடியேறுததுக்கு முன்னால எவனாவது எறக்குவானா? பட்ட கண்ணு எல்லாம் திரும்பி வீட்டுமேலல்லா வந்து விழும்!"

"பிள்ளை அழுது, முதலாளி."

பிள்ளை அழுகிறது என்றதும் அவர் கொஞ்சம் இளகினார். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார். "ஒண்ணு செய்யும். புதுசு ஒண்ணு மேல ஏறட்டும். அது ஏறினப் பொறவு இதை எறக்கும். வீடு ஒரு நொடி வெறும நிக்கப்பிடாது. ஆனா கடைச்சரக்கு வேண்டாம், கேட்டீரா? இதைச் செய்த அந்தப் பிள்ளை கையே பட்டிருக்கணும். அந்தக் கைராசிதான் மழையை நிறுத்திச்சு."

அதனால்தான் இசக்கி வேலைக்குப் போகாமல், புதன்கிழமை பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றான். எட்டிப் பார்த்தால், வராந்தா முழுக்கப் பேப்பர், பசை, வாளி. பிள்ளைகள் முழங்கை வரைக்கும் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதுவா படிப்பு என்று அவனுக்குத் தோன்றியது. தலைமை ஆசிரியை பத்மஜா டீச்சர் அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"அனுஷாட அப்பாவா? உள்ள வாங்க. ஒண்ணும் வித்தியாசமா நெனைக்காதீங்க. தமிழ் மீடியம் பிள்ளைங்க கொஞ்சம் பேர்தானே, இங்க டிராயிங் சொல்லித்தர மாஷ் கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்து மடுத்துப் போச்சு. கிள்ளிக்கரை கலாசமிதிக்காரங்கதான் வாராவாரம் வராங்க. ஓணத்துக்கு நாடகம் போடுவாங்களே, அவங்கதான். பேப்பர்கூட வீடு வீடா நடந்து சேத்துட்டு வராங்க."

சமிதியிலிருந்து வந்திருந்தவன் பேர் ஸ்ரீஜித். பிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறவன். தாடியில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. இசக்கி கதையைச் சொல்லச் சொல்ல அவன் கண் விரிந்துகொண்டே போனது.

"அண்ணாச்சி! தொங்கவிட்டோ? ஒரிஜினல் சைட்டிலோ? அண்ணாச்சிட ஷர்ட்டிலோ?" அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "எறக்கண்டா! அது அவிடத்தன்னே நிக்கட்டும். இங்க கொண்டுவந்து டேபிள்ல வைக்கிறதைவிட அதல்லே எக்ஸிபிஷன்! நாங்க எல்லாரும் அங்க வந்து பாக்கிறோம். போட்டோ எடுக்கிறோம்."

இசக்கிக்குப் போன உயிர் வந்தது. அங்கேயே இருந்தால் முதலாளிக்கும் சந்தோஷம், இங்கேயும் சந்தோஷம். நொண்டி நொண்டி அனுஷா பக்கத்தில் போய்க் குனிந்தான். "கேட்டியாட்டீ? சாரே சொல்லிட்டாரு. அங்க தொங்குததுதான் நல்லதாம். எல்லாரும் வந்து பாப்பாங்களாம்."

அனுஷா கையிலிருந்த பேப்பரை வாளிக்குள் எறிந்தாள். "எக்ஸிபிஷன் எனக்கு ஒண்ணும் வேண்டாம்! எல்லாரும் வந்து பாத்தா எல்லாரு கண்ணும் யாரு மேலப்பா விழும்? உங்க மேலல்லா விழும்! அன்னைக்கே ஆணி ஏறிச்சு. நாளைக்கு சாரத்துல இருந்து கீழ விழுவீங்க. நான்தானே செஞ்சேன் அந்த மூஞ்சிய?"

ஸ்ரீஜித் தாடியைச் சொறிந்தான். "அது... அப்படி ஒரு ஆங்கிள் நான் ஆலோசிச்சிட்டில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இசக்கி மகளைப் பார்த்தான். இந்த எண்ணம் அவனுக்கு ஒரு நிமிஷம்கூட வரவில்லையே. அது பேப்பரும் பசையும்தான் என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் வெறும் பேப்பரும் பசையும் என்றால் எதற்காக வீட்டு முன்னால் தொங்கவிட்டான்? அதற்குக் கண்ணை இழுக்கிற சக்தி உண்டு என்றால் பிள்ளை சொல்வதும் சரி. இல்லை என்றால் முதலாளியிடம் இத்தனை கெஞ்சலும் எதற்கு? குதிகால் வேறு அந்த நேரம் பார்த்து வின் வின் என்று தெறித்தது.

"சரி. அதை எறக்கிருவோம்" என்றான். "ஆனா முதல்ல வேற ஒண்ணு ஏறணும். ஒன் கை பட்டதா இருக்கணுமாம்."

"யாரு மூஞ்சி?" என்று கேட்டாள் அனுஷா.

இசக்கி அதை யோசிக்கவே இல்லை. ஆமாம், யார் முகம்? யார் முகத்தைக் கொண்டுபோய், ஊர்க்கண் எல்லாம் இதன்மேல் விழட்டும் என்று தொங்கவிடுவது?

"யாரு மூஞ்சியும் வேண்டாம். சும்மா ஒரு மூஞ்சி செய்வோம்" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பலூன் ஒன்றை ஊதிக் கொடுத்தார்கள். அதன்மேல் பேப்பரை ஒட்ட ஆரம்பித்தான். சிமெண்டுப் பழக்கத்தில் பசையை அள்ளி அப்பிவிட்டான். அனுஷா, "அவ்வளவு வேண்டாம்ப்பா, காயாது" என்று வழித்து எடுத்தாள். பேசிவிட்டாள் என்பதில் அவனுக்குப் பாதி வலி குறைந்தது.

சும்மா ஒரு முகம் செய்வது லேசு என்றுதான் நினைத்தான். மூக்கு வைத்ததும் சுஜின் என்ற பையன், "ஐயோ, இது எங்க மாமா. போனக்காட்டு எஸ்டேட்டுல இருக்காரு. வேண்டாம் வேண்டாம்" என்று கத்தினான். மூக்கைப் பிடுங்கிவிட்டுச் சப்பையாக ஒன்று வைத்தான். இன்னொரு பிள்ளை, "பால்காரர் மாதிரி இருக்கு" என்றது. கன்னத்தை உப்ப வைத்தான்.

அனுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, இது உங்க முதலாளி!"

"அவரு வீடுதானே, அவரே காவல் நிக்கட்டுமே" என்று பத்மஜா டீச்சர் சொல்ல, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இசக்கிக்கு வேர்த்துவிட்டது. "சும்மா இருங்க டீச்சர், வேலை போயிரும்" என்று அவசர அவசரமாகக் கன்னத்தை அமுக்கினான். அமுக்கினதும் அது வேறு யாரோ ஆகிவிட்டது. எப்படித் திருப்பினாலும் பிள்ளைகளில் ஒருத்தருக்கு அது யாரோ ஒரு சொந்தக்காரர். ஒரு பிள்ளையும், சரி எங்க ஆளு போகட்டும் என்று சொல்லவில்லை.

ஸ்ரீஜித் தூணில் சாய்ந்துகொண்டு பார்த்தான். "ஆறு மாசமா நான் இவங்களை, ஒரு ஆளைப் பாரு, நல்லா பாரு, அந்த ஆள் மாதிரி உண்டாக்குன்னு படிப்பிக்கிறேன் அண்ணாச்சி. இப்ப யாருமாதிரியும் இல்லாம உண்டாக்கணும்னா எப்படிச் சொல்லித் தர்றதுன்னு எனக்கு அறிஞ்சுகூடா" என்றான்.

வழி கண்டுபிடித்தது அனுஷாதான். ஒருத்தர் முழு முகமும் செய்தால் அது யாராவது ஒரு ஆளாகப் போய்விடுகிறது. அதனால் ஒருத்தர் செய்வதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது என்று எல்லோரையும் ஒவ்வொரு மூலைக்கு அனுப்பினாள். ஒரு மூலையில் மூக்கு, ஒரு மூலையில் ஒற்றைக் கண், கிணற்றடியில் சுஜின் உட்கார்ந்து வாய். இசக்கிக்குக் காது கொடுத்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் கொண்டுவந்து பலூனில் பதித்தபோது, அளவுக்கு அளவு பொருந்தாமல் ஒரு கண் புளியங்கொட்டை, ஒரு கண் முட்டை, காது கரண்டி மாதிரி. மறுநாள் அது காய்ந்ததும் சாயம் முழுவதும் அனுஷா தன் கையால் அடித்தாள். எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள். ஒருத்தருக்கும் ஒருத்தர் பேரும் வாயில் வரவில்லை.

"யாருமில்ல" என்றான் சுஜின்.

"யாருமே இல்ல" என்றாள் அனுஷா. அன்றைக்கு வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை அது சாரத்தில் ஏறியது. மேஸ்திரி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இது யாருலே?" என்று கேட்டார். முதலாளியும் அதையே கேட்டார்.

"யாருமில்ல முதலாளி."

"யாருமில்லாம ஒரு மூஞ்சி எப்படிவே இருக்கும்?" அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். "எனக்கென்னவோ நல்லாத் தெரிஞ்ச ஆளு மாதிரிதான் இருக்கு. பேருதான் வரமாட்டேங்கு" என்றார். அந்த யோசனையிலேயே அவர் குடையை விரித்துக்கொண்டு கடைக்கு நடக்க, இசக்கி பழைய முகத்தை இறக்கி மார்போடு அணைத்து எடுத்துவந்தான். தன் முகத்தைத் தானே சுமந்துகொண்டு மணக்காட்டு ரோட்டில் நடப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் உள் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் நல்ல கூட்டம். சமிதிக்காரர்கள் கடைகடையாகச் சொல்லிவைத்திருந்ததால் சாலைக் கடைத்தெரு வியாபாரிகள்கூட வந்திருந்தார்கள். முகங்கள் எல்லாம் பெஞ்சுமேல் வரிசையாக இருந்தன. இசக்கியின் முகத்துக்கு முன்னால்தான் ஆட்கள் அதிக நேரம் நின்றார்கள். மணக்காட்டில் தொங்கின கதை எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற அவனைப் பார்த்தார்கள். "ஒந்நு ஆ சட்டி தூக்குந்ந போஸ்ல நில்லு அண்ணாச்சி" என்று ஒருத்தர் கேட்டார். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் கையை மேலே தூக்கி நின்றான். எல்லோரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று பிரேமாவைப் பார்த்தான். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கூடக்கூட அனுஷா முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. சட்டென்று அம்மாவின் பையைத் துழாவி கண்மை டப்பாவை எடுத்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு போய், ஒரு விரலில் மையைத் தொட்டு அந்த முகத்தின் இடது கன்னத்தில் பெரிய பொட்டாக வைத்தாள்.

"அய்யோ மோளே, பெயிண்டிங் கேடாவும்!" என்று ஸ்ரீஜித் ஓடிவந்தான். கிட்ட வந்து பார்த்தான். இரண்டு எட்டு பின்னால் போய்ப் பார்த்தான். அது கெட்டுப்போய்விட்டதா நன்றாகிவிட்டதா என்று அவனுக்கே பிடிபடவில்லை போல.

அனுஷா அப்பா பக்கம் வந்தாள். விரலில் இன்னும் மை இருந்தது.

"குனிங்கப்பா."

"எனக்கெதுக்குட்டீ? அதுக்குத்தான் வச்சாச்சுல்லா?"

"குனிங்க."

அவன் குனிந்தான். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவள் அவன் காதுக்குப் பின்னால் மிச்ச மையை அழுத்தித் தேய்த்தாள்.

"ரெண்டுல எதுட்டீ எனக்குள்ளது? அதுக்கு வச்சதா, இங்க வச்சதா?"

அனுஷா விரலைப் பாவாடையில் துடைத்தாள். "தெரியலப்பா. ரெண்டும் இருக்கட்டும்" என்றாள்.